கப்பலில் சாப்பாடு டிக்கெட்டோடு சேர்த்தி, சமைத்தவர் கூலி?

சிங்கப்பூரில் கப்பல் ஏறி பினாங்கு, புக்கெட் என்று ஒரு சுற்று போய் வரலாமா என்று யோசிக்கிற சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் முதலில் கேட்பது கேபினைப் பற்றியோ கடல் ஆட்டத்தைப் பற்றியோ இல்லை. "சாப்பாடு எல்லாம் டிக்கெட்லயே சேர்த்திதானே?" என்றுதான். ஆமாம் என்று சொல்லிவிடலாம், அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அம்மாவையும் பெரியம்மா மகன் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போய் வந்த பயணத்துக்குப் பிறகு அந்த 'ஆமாம்' எனக்கு வாயில் சுலபமாக வருவதில்லை. கடைசி இரவு கப்பலின் வரவேற்பு மேசைக்கு முன்னால் பார்த்த ஒரு வரிசை மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். என்ன கிடைத்தது, யார் கொடுத்தார்கள் என்று தெரிந்தால்தான் அந்த வரிசை ஏன் என்னை இவ்வளவு தொந்தரவு செய்தது என்பதும் புரியும்.

எது சேர்த்தி, எது இல்லை

சிங்கப்பூரில் கப்பல் ஏறுகிற மெரினா பே க்ரூஸ் சென்டரில் பெட்டியை ஒப்படைத்துவிட்டுக் கப்பலுக்குள் நுழைந்ததும் கூட்டம் மொத்தமும் போவது மேல்தளத்து பஃபேக்கு. ராயல் கரீபியன் கம்பெனியின் கப்பல்களில் அதற்கு விண்ட்ஜாமர் என்று பெயர், கார்னிவல் கம்பெனியின் கப்பல்களில் லிடோ. சிங்கப்பூரிலிருந்து கிளம்புகிற கப்பல்களில் இந்தியப் பயணிகள் அதிகம் என்பதால் பருப்பு, பனீர், நான், ஊறுகாய் வரை அங்கே வைத்திருப்பார்கள். நம் குடும்பங்களில் பலர் பயணம் முடியும்வரை மூன்று வேளையும் அங்கேயே சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நல்ல உடை தேவையில்லை, காத்திருக்க வேண்டியதில்லை, குழந்தைகள் ஓடினாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. எல்லாம் சரிதான். ஆனால் கீழ்த்தளங்களில் இருக்கிற பெரிய உணவுக்கூடத்தை, அதாவது மெயின் டைனிங் ரூமை, எட்டிப் பார்க்காமலே இறங்குவது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. அங்கே உட்காருவது தனிக் கட்டணம் என்று நினைத்துக்கொண்டு வாசலோடு திரும்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் டிக்கெட்டில் சேர்ந்ததுதான். வெள்ளைத் துணி விரித்த மேசை, முதலில் சூப் அல்லது சாலட், பிறகு முக்கிய உணவு, கடைசியில் இனிப்பு. இரண்டு சூப் கேட்டாலும் கொடுப்பார்கள். கொண்டு வந்தது பிடிக்கவில்லை என்றால் வேறு கேட்கலாம்.

சேர்த்தி என்பதன் எல்லை எங்கே என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வருடத்துக்கு வருடமும் மாறும். அதே மெனு அட்டையிலேயே சில இறைச்சித் துண்டுகளுக்கும் பெரிய சிங்கி இறாலுக்கும் பக்கத்தில் டாலர் விலை அச்சிட்டிருக்கும். கார்னிவல் ஒரே வேளையில் மூன்றாவது முக்கிய உணவு கேட்டால் 5 டாலர் என்று வைத்தது. ராயல் கரீபியனில் அறைக்கு வரவழைக்கிற காலைச் சிற்றுண்டியில் ரொட்டி, பழம், காபி போன்றவை மட்டும் இலவசம். மற்றவற்றுக்கு ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம். நார்வீஜியன் கம்பெனி 2000-ல் 'ஃப்ரீஸ்டைல்' என்ற பெயரில் விரும்பிய நேரத்தில் விரும்பிய உணவகத்தில் சாப்பிடலாம் என்று கொண்டுவந்தது. அதற்குப் பிறகு இத்தாலிய உணவகம், ஜப்பானிய உணவகம், ஸ்டேக் உணவகம் என்று தனிக் காசு கேட்கிற கடைகள் எல்லாக் கப்பல்களிலும் பெருகிவிட்டன. அவற்றில் ஒன்றுக்குக்கூடப் போகாமல் வயிறு நிறைய, நன்றாகவே சாப்பிடலாம். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

குடிப்பதில்தான் ஆட்கள் ஏமாந்து போகிறார்கள். தண்ணீர், சாதாரண டீ, காபி, எலுமிச்சைச் சாறு, காலையில் மட்டும் பழச்சாறு, இவை சேர்த்தி. கோலா, பாட்டில் தண்ணீர், எஸ்பிரஸோ, மது எல்லாம் தனி. கேபின் குழாயில் வருவது கப்பலிலேயே கடல்நீரைச் சுத்திகரித்தோ துறைமுகத்தில் ஏற்றியோ சோதித்துப் பார்த்து விடுகிற நல்ல குடிநீர். தயங்காமல் பாட்டிலில் பிடித்துக் குடிக்கலாம். வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சமைத்த உணவை ஏற்றவிட மாட்டார்கள். சீல் பிரிக்காத முறுக்குப் பாக்கெட்டும் மிக்சரும் போகும். வெந்நீர் கெட்டில், ரைஸ் குக்கர், இன்டக்‌ஷன் அடுப்பு எதுவும் போகாது. கடலில் தீயைவிடப் பயங்கரமானது எதுவும் இல்லை என்பதால் இதில் அவர்கள் கறாராக இருப்பது நியாயம்தான். பெட்டி ஸ்கேனில் மாட்டினால் எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போது கொடுப்பார்கள்.

அம்மாவுக்கு வந்த ரசம்

அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. பஃபேயில் 'வெஜிடேரியன்' என்று எழுதி வைத்திருந்தாலும் ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னாலும் நின்று, இதில் மீன் சாஸ் இருக்குமோ, சிப்பி சாஸ் இருக்குமோ என்று என்னைப் பார்ப்பார். சில கப்பல்கள் இதை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கின்றன. 2022-ல் சிங்கப்பூரிலிருந்து ஓடத் தொடங்கிய ரிசார்ட்ஸ் வேர்ல்ட் கம்பெனியின் ஜெண்டிங் ட்ரீமில் ஹலால் உணவும் இந்தியச் சைவ, ஜைன உணவும் கிடைக்கும். சென்னையிலிருந்து அதே ஆண்டு ஜூனில் கிளம்பிய கார்டிலியா எம்ப்ரெஸில் இந்தியச் சமையல்தான் பிரதானம். ராயல் கரீபியன் மாதிரிக் கம்பெனிகளில் தனி உணவுத் தேவை இருந்தால் கிளம்ப 45 நாளுக்கு முன்பே சொல்லச் சொல்கிறார்கள். நாங்கள் போன கப்பலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பின்னால் சொல்லப்போகிற விஷயம் அந்த ஒரு கப்பலுக்கு மட்டும் உரியதும் இல்லை.

எங்களுக்கு உணவுக்கூடத்தில் நிரந்தர மேசை. தினமும் அதே நேரம், அதே இடம், பரிமாறுகிறவர்களும் அதே இருவர். வெயிட்டர் பிலிப்பைன்ஸ்காரர். உதவி வெயிட்டர் நாகர்கோவில் பக்கத்துப் பையன். முதல் இரவு அம்மா தக்காளி சூப்பும் வேகவைத்த காய்கறியும் சாப்பிட்டுவிட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளியதை அவன் கவனித்துவிட்டான். பக்கத்தில் வந்து குனிந்து தமிழில் கேட்டான்: "அம்மா, வெங்காயம் பூண்டு சேத்துக்குவீங்களா? நாளைக்கி உங்களுக்குத் தனியா சொல்லி வைக்கட்டா?" அம்மாவுக்கு அந்த நிமிடம் கப்பல் பிடித்துப் போய்விட்டது. மறுநாள் மெனுவில் இல்லாத பருப்பும் சீரகச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எங்கள் மேசைக்கு வந்தன. ஹெட் வெயிட்டர் வந்து உப்பு, காரம் சரியா என்று விசாரித்துவிட்டுப் போனார். பெரும்பாலான பெரிய கப்பல்களில் இது நடக்கும். கேட்டால் போதும், ஒரு நாள் முன்னால் சொன்னால் இந்தியச் சைவ உணவு செய்து தருவார்கள், காசும் கிடையாது. நம்மவர்களில் பலருக்குத் தெரியாதது இதுதான்.

அதற்கடுத்த இரவு அவன் ஒரு சின்னக் கிண்ணத்தை மூடிக் கொண்டு வந்தான். திறந்தால் ரசம். மிளகு தட்டிப் போட்டு, கொத்தமல்லி கிள்ளிப் போட்ட, நம் வீட்டு ரசம். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "யாருப்பா வெச்சது?" என்று கேட்டார். கீழே ஊழியர் மெஸ்ஸில் இந்தியச் சமையல் பார்க்கிற ஒருவர், அவருக்கும் நம் பக்கம்தான், அங்கே அன்றைக்கு ரசம் வைத்ததாகவும் அம்மாவுக்காக ஒரு கிண்ணம் கேட்டு வாங்கி வந்ததாகவும் சொன்னான். அந்தச் சமையல்காரரைப் பார்க்கலாமா என்று அம்மா ஆசைப்பட்டார். அவர் மேலே வரமாட்டார் அம்மா, நீங்களும் கீழே போக முடியாது என்றான். "நான் சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு ஓடினான்.

ஊழியர் மெஸ் என்பது பயணிகள் பார்க்காத இன்னொரு உணவகம். பல நாட்டு ஊழியர்கள் வேலை செய்கிற கப்பலில் சோறு எப்போதும் இருக்கும், பிலிப்பைன்ஸ் வகை, இந்தோனேசிய வகை, இந்திய வகை என்று சமைப்பார்கள். அங்கே சாப்பாடு அவர்களுக்கு இலவசம். கம்பெனி பெருந்தன்மையால் கொடுப்பதில்லை அது. 2006-ல் நிறைவேறி 2013-ல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, வேலை ஒப்பந்தம் இருக்கும்வரை கப்பல் ஊழியருக்கு உணவு இலவசமாகத் தரப்படவேண்டும் என்று சொல்கிறது. வேலை நேரத்துக்கும் அதில் வரம்பு உண்டு: 24 மணி நேரத்தில் 14 மணி நேரத்துக்கு மேல், ஏழு நாளில் 72 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, அல்லது 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும் ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு தரவேண்டும். உச்சவரம்பே அது என்றால் யோசித்துப் பாருங்கள். எங்கள் நாகர்கோவில் பையன் காலையில் பஃபேயில் தட்டெடுப்பான், மதியம் நீச்சல் குளம் பக்கம் நிற்பான், இரவு எங்கள் மேசை. ஒப்பந்தம் முடிகிறவரை வாரவிடுமுறை என்று ஒரு முழு நாள் கிடையாது. நாங்கள் பினாங்கில் இறங்கி, ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து நடந்தே லிட்டில் இந்தியா போய் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு வந்ததைச் சொன்னபோது, அந்தத் தெரு எப்படி இருக்கும் என்று ஆர்வமாகக் கேட்டான். அந்தத் துறைமுகத்துக்கு அவன் பல முறை வந்திருக்கிறான்.

கடைசி இரவு வரிசை

பயணத்தின் கடைசி இரவு வரவேற்பு மேசையில் கூட்டம் நெரியும். கார்டு கணக்கைச் சரிபார்க்கிறவர்கள், குடிக்காத கோலாவுக்குப் பில் வந்துவிட்டது என்கிறவர்கள். நானும் ஒரு சின்னச் சந்தேகத்தோடு நின்றேன். எனக்கு முன்னால் இருந்த குடும்பங்கள் கேட்டது வேறு. ஆளுக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாகவே ஏறுகிற சர்வீஸ் சார்ஜை எடுத்துவிடச் சொன்னார்கள். மேசையில் இருந்த பெண் காரணம் கேட்டார். "காரணம் ஒன்றும் இல்லை, எடுத்துவிடுங்கள்." ஒரு படிவம், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அடுத்தவரும் அதே. அதற்கடுத்தவரும் அதே. வரிசையில் நின்றவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். பக்கத்து மேசையில் உட்கார்ந்து, எங்களுக்கு வந்த பருப்பைப் பார்த்துத் தங்களுக்கும் கேட்டு வாங்கியவர். அவர் திரும்பி என்னைப் பார்த்து, "கேட்டா எடுத்துடுவாங்க சார், சும்மா விடாதீங்க" என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் அது என்னை இன்னும் அதிகமாகத் தாக்கியது.

அந்தத் தொகை சின்னதும் இல்லை. ராயல் கரீபியன் 2023 நவம்பரில் அதைச் சாதாரண கேபினுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலர் ஆக்கியது. வயது வித்தியாசம் இல்லை, கைக்குழந்தைக்கும் அதே. அந்தக் கணக்கில் நால்வர் நான்கு இரவு போனால் 288 டாலர். ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு அது விமானக் கட்டணத்தில் ஒரு பங்கு. எல்லாம் சேர்த்தி என்று நம்பி ஏறியவருக்குக் கடைசி இரவில் கணக்கு அட்டையில் அது தெரியும்போது கோபம் வரத்தான் செய்யும்.

கேபினுக்குத் திரும்பி அண்ணனிடம், அதாவது பெரியம்மா மகனிடம், சொன்னேன். நான் எதிர்பார்த்த பதில் வரவில்லை. "நானும் எடுத்துட்டேன்டா" என்றார். எனக்கு அதிர்ச்சி. ஏனென்றால் அண்ணன் கை இறுக்கமானவர் இல்லை. ஊரில் கோயில் கொடைக்கும் யார் வீட்டு ஆஸ்பத்திரிச் செலவுக்கும் முதலில் நீட்டுகிற கை அவருடையது. அவர் வாதம் தெளிவாக இருந்தது. "கல்யாணப் பந்தியில சாப்பிட்டுட்டு, பரிமாறுனவருக்குத் தனியா பில்லா குடுப்பாங்க? சாப்பாடு சேர்த்தின்னு சொல்லி வித்தவன் கம்பெனி. சம்பளம் குடுக்க வேண்டியது அவன் பொறுப்பு. அதை என் தலையில கட்டுறது எதுக்கு? அந்தக் காசு அந்தப் பசங்களுக்குத்தான் போகுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் நேரடியா குடுத்துட்டேன்." உண்மைதான், கொடுத்திருந்தார். வெயிட்டருக்கு ஒரு கவர், நாகர்கோவில் பையனுக்கு ஒரு கவர், கேபினைச் சுத்தம் செய்தவருக்கு ஒரு கவர். கணக்கில் எடுத்த தொகையைவிட அது குறைவாக இருக்காது என்று நினைக்கிறேன்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ரசம் வெச்சவருக்கு?" என்றார். அண்ணன் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அவர் கவரை நீட்டுவதற்கு அந்த மனிதர் எந்த மேசைக்கும் வரப்போவதில்லை.

கண்ணில் படாதவர்கள்

அம்மாவின் அந்தக் கேள்விதான் எனக்கு விஷயத்தைத் திருப்பிப் போட்டது. அதுவரை நானும் வெயிட்டரையும் அறை சுத்தம் செய்கிறவரையும் மட்டும் நினைத்துத்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். தானாக ஏறுகிற அந்தச் சார்ஜ் இருவருக்கு மட்டும் போவதில்லை. உணவுக்கூடம், சமையல், மதுக்கூடம், அறைப் பராமரிப்பு, இவற்றோடு மற்ற ஹோட்டல் பிரிவு ஊழியர்களுக்கும் அது பகிரப்படுகிறது என்று ராயல் கரீபியனே சொல்கிறது. கப்பல் சாப்பாட்டின் பெரும்பகுதி நாம் முகமே பார்க்காத மனிதர்களின் வேலை. விடியற்காலையில் ரொட்டி சுடுகிறவர், மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிக்கிறவர், நள்ளிரவுவரை பாத்திரம் கழுவுகிறவர், பஃபேயில் நாம் பாதி தின்று விட்டுப்போன தட்டைச் சுரண்டிக் கழிவைப் பிரிக்கிறவர். கையில் கொடுக்கிற கவர் சிரித்த முகத்தைத் தேடிப் போகும். பாத்திரம் கழுவுகிறவருக்கு அது போய்ச் சேர வழி இல்லை. அதனால், நேரடியாகக் கொடுக்க விரும்பினால் சார்ஜை விட்டுவிட்டு அதன் மேல் கொடுக்க வேண்டும், அதை எடுத்துவிட்டுக் கொடுக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். சேவை மோசமாக இருந்து எடுப்பது வேறு. காரணம் ஒன்றும் இல்லை என்று எடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதே நேரம் அண்ணன் சொன்னதில் பாதி எனக்கு மறுக்க முடியாதது. சம்பளத்தின் ஒரு பகுதியைப் பயணியின் மனநிலைக்கு விட்டுவைத்த ஏற்பாடு தவறான ஏற்பாடு. பெரும்பாலான கப்பல்கள் பஹாமாஸ், பனாமா, மால்டா, பெர்முடா என்று வேறு நாடுகளின் கொடியில் ஓடுகின்றன. பயணி எந்த ஊரில் ஏறுகிறாரோ அந்த ஊரின் கூலிச் சட்டம் கடலில் அந்த ஊழியருக்குத் துணைக்கு வராது. விளம்பரத்தில் டிக்கெட் விலை மலிவாகத் தெரிய வேண்டும், மீதியை உள்ளே வைத்து வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிற தொழில் இது. மதுவிலும் தனி உணவகங்களிலும் அப்படிச் செய்தால் எனக்குப் புகார் இல்லை, வேண்டாதவர் வாங்காமல் இருக்கலாம். ஆனால் டிக்கெட்டில் சேர்ந்த சாப்பாட்டைச் சமைத்துக் கொண்டு வந்து வைக்கிற உழைப்பை டிக்கெட்டுக்கு வெளியே நிறுத்தினால், ஒரு கையெழுத்தில் அது அடிபட்டுப் போகிறது. அடிபடுவது கம்பெனியும் இல்லை, கையெழுத்துப் போட்டவரும் இல்லை.

முடியாத காரியமும் இல்லை இது. பிரிட்டனின் பி அண்ட் ஓ க்ரூஸஸ் 2019-ல் தனிச் சார்ஜை நிறுத்திவிட்டு அதை டிக்கெட் விலைக்குள் கொண்டுவந்தது. மரெல்லா க்ரூஸஸும் அப்படித்தான் விற்கிறது. சில்வர்சீ, சீபோர்ன், ரீஜென்ட் போன்ற விலை உயர்ந்த கப்பல்களில் இது வெகுகாலமாக வழக்கம். பணக்காரப் பயணிக்குக் கிடைக்கிற இந்த நிம்மதி, குடும்பத்தோடு மலிவு கேபினில் போகிறவருக்கும் அங்கே வேலை செய்கிறவருக்கும் கிடைத்தால் என்ன? விலை கூடும். கூடட்டும். கிளம்புவதற்கு முன்பே முழுத் தொகையும் தெரிந்தால், கட்டுப்படியாகுமா என்று வீட்டிலேயே உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளலாம்.

ஊர் திரும்பிய பிறகு கம்பெனியிலிருந்து மின்னஞ்சலில் கருத்துப் படிவம் வந்தது. கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கு அதில் தங்கள் பெயர் வருவது முக்கியம், அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் உதவும் என்று அந்தப் பையன் சொல்லியிருந்தான். நிரப்புகிறவர்கள் தயவுசெய்து பெயரோடு எழுதுங்கள். எங்கள் மேசையில் பரிமாறிய இருவரையும் நான் எழுதினேன். ரசம் வைத்தவரின் பெயரை அம்மா கடைசி இரவே கேட்டு எழுதிக் கைப்பையில் வைத்திருந்தார், அதையும் சேர்த்தேன். அண்ணனும் நிரப்பினார். சர்வீஸ் சார்ஜை ஒழித்து, அந்தத் தொகையை டிக்கெட்டிலேயே கூட்டிச் சம்பளமாகக் கொடுங்கள் என்று நீளமாக எழுதி, அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டினார். அதில் ஒரு வரியைக்கூட நான் மாற்றச் சொல்லவில்லை.